மனித உரிமைக்கு மதம்தான் தாய்வீடா? நான்கு விளக்கங்களில் எதைக் கையில் எடுப்பது

1776 ஜூன் மாதம் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் கைவரைவு இன்றும் பத்திரமாக இருக்கிறது. எல்லா மனிதரும் சமம் என்பது போன்ற உண்மைகளை 'புனிதமானவை, மறுக்க முடியாதவை' என்றுதான் அதில் முதலில் எழுதியிருந்தது. அப்புறம் அந்தச் சொற்களின் மேல் கோடு விழுந்திருக்கிறது. மேலே 'தாமாகவே விளங்குபவை' என்று மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. புனிதம் வெளியேறி அறிவு உள்ளே வந்த இடம் இது என்று விரல் வைத்துக் காட்டத் தோன்றும். ஆனால் அதே வாக்கியத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 'சமமாகப் படைக்கப்பட்டதிலிருந்து உரிமைகள் வருகின்றன' என்று பொதுவாக இருந்த தொடர், இறுதி வடிவத்தில் 'படைத்தவரால் அருளப்பட்ட உரிமைகள்' என்று ஆகிவிட்டது. புனிதம் போனது, படைத்தவர் வந்தார். எல்லாம் ஒரே வாக்கியத்தில், சில வாரங்களுக்குள்.

மதம் இல்லாமல் வாழ்கிறவர்களும், மதத்தோடு வாழ்ந்துகொண்டே அரசும் சட்டமும் மதம் சாராமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் ஒரு கேள்வியை என்றாவது சந்தித்தே தீருவார்கள். என்னிடம் அதைக் கேட்டவர் ஒரு நெருங்கிய நண்பர், ஆழ்ந்த பக்தர். "நீ பேசுகிற சமத்துவம், மனித மாண்பு, முன்னேற்றம், புரட்சி எல்லாமே மதத்திடம் வாங்கிய கடன்தானே? வாங்கியதை ஒத்துக்கொண்டால் என்ன?" அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில்தான் நான்கு விதமான விளக்கங்கள் இருப்பது தெரிந்தது. அவற்றில் மூன்றை வெவ்வேறு வயதில் என் சொந்தக் கருத்தாகவே வைத்திருந்தேன். இப்போது இந்தக் கேள்வியில் ஒரு நிலை எடுக்க வேண்டியிருக்கும் ஒருவருக்கு எதைச் சொல்வேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு மூன்று அளவுகோல்கள். முதலாவது, கையில் கிடைக்கும் ஆவணங்களை அந்த விளக்கம் தாங்குகிறதா. இரண்டாவது, ஒரு கொள்கையையும் இன்னொன்றையும் அதனால் பிரித்துப் பார்க்க முடிகிறதா, அல்லது எல்லாவற்றையும் ஒரே சாயத்தில் முக்கி எடுக்கிறதா. மூன்றாவது, அதை வைத்துக்கொண்டு அந்த நண்பர் எதிரில் நேர்மையாக உட்கார முடியுமா.

பலருக்கும் இயல்பாக வருவது கழித்தல் விளக்கம். மனிதனிடம் பகுத்தறிவு எப்போதும் இருந்தது, மதம் அதை மூடியிருந்தது, மூடியை எடுத்தார்கள், இருந்தது தெரிந்தது, அவ்வளவுதான் என்பது. இதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ் இருந்தார். தெய்வங்கள் நம் வாழ்வில் தலையிடுவதில்லை, சாவுக்கு அஞ்ச ஒன்றுமில்லை என்றார். அவர் வழிவந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நீண்ட கவிதையை 1417-இல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ ஒரு மடாலயத்தில் கண்டெடுத்தார். போஜ்ஜோ போப்பின் செயலராக இருந்தவர். அந்தப் பிரதியை நூற்றாண்டுகளாகப் படியெடுத்துக் காப்பாற்றியவர்கள் துறவிகள். கழித்தல் கதைக்குச் சாட்சி சொல்ல வரும் நூலே இப்படி மடத்துக்குள்ளிருந்துதான் வருகிறது.

இந்த விளக்கத்தை உண்மையில் உடைப்பது பிரெஞ்சுப் புரட்சி. மூடியை மட்டும் எடுத்திருந்தால், 1793 நவம்பர் 10 அன்று பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தில் பகுத்தறிவுக்கு விழா எடுத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 8 அன்று புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் 'பரம்பொருள்' திருவிழாவுக்குத் தலைமை தாங்கியிருக்க வேண்டியதில்லை. ஏழு நாள் வாரத்தைப் பத்து நாளாக்கி, மாதங்களுக்குப் புதுப் பெயர் வைத்து ஒரு நாட்காட்டியே செய்தார்கள். 1806 தொடங்கும்போது அதைக் கைவிட்டார்கள். எடுத்த இடம் வெறுமையாக இருக்க அவர்களாலேயே விட முடியவில்லை. மதம் சாராத என்று நாம் பொருள்கொள்ளும் 'செக்யுலர்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். திருச்சபைக்குள் மடத்து விதிகளுக்கு உட்படாமல் ஊருக்குள் வாழ்ந்த பாதிரியார்களைக் குறித்த சொல் அது. அதை 1851-இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் ஹோலியோக் ஒரு கொள்கையின் பெயராக்கினார். எனவே கழித்தல் விளக்கத்தை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். மற்றவர்களுக்கும் அதைச் சொல்வதில்லை.

அடுத்தது நண்பர் பிடித்திருந்த பக்கம்: வாரிசு விளக்கம். பழைய கள், புதிய மொந்தை. பல ஆண்டுகள் நான் இதில்தான் இருந்தேன், ஏனென்றால் ஆவணங்கள் அவ்வளவு பலமாக இருக்கின்றன. நவீன அரசுக் கோட்பாட்டின் முக்கியக் கருத்துகள் எல்லாம் இறையியல் கருத்துகளின் மதம் நீக்கிய வடிவங்களே என்று ஜெர்மன் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மித் 1922-இல் எழுதினார். சர்வ வல்லமை படைத்த கடவுள் சர்வ வல்லமை படைத்த சட்டமியற்றுபவர் ஆனார், இறையியலில் அற்புதம் இருந்த இடத்தில் சட்டத்தில் நெருக்கடிநிலை வந்தது என்பது அவர் வாதம். 1949-இல் ஜெர்மன் தத்துவவாதி கார்ல் லோவித் இதை வரலாற்றுக்கு நீட்டினார். உலகம் ஒரு முடிவை நோக்கி, ஒரு நிறைவை நோக்கிப் போகிறது என்ற நம்பிக்கை, இறுதித் தீர்ப்பையும் மீட்பையும் எதிர்பார்த்த மனத்தின் தொடர்ச்சி என்றார்.

அவர் காட்டும் சங்கிலியில் ஒரு கண்ணியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இத்தாலியின் கலாப்ரியாவில் யோவாக்கிம் என்ற மடாதிபதி இருந்தார், 1202-இல் இறந்தவர். பிதாவின் காலம், சுதனின் காலம், பரிசுத்த ஆவியின் காலம் என வரலாற்றை மூன்றாகப் பிரித்தார். மூன்றாம் காலம் இனிமேல்தான் வரப்போகிறது. அவரைப் பின்பற்றியவர்கள் 1260-இல் அது தொடங்கும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தார்கள். ஐந்து நூற்றாண்டு கழித்து, 1780-இல், ஜெர்மன் அறிவொளிக் காலத்தின் பெரும் எழுத்தாளர் லெஸ்ஸிங் மனித இனத்தின் கல்வி பற்றி நூறு சிறு பத்திகள் எழுதுகிறார். அதில், 'புதிய நித்திய நற்செய்தி' பற்றிப் பேசிய அந்த 13, 14-ஆம் நூற்றாண்டுக்காரர்களை அவரே குறிப்பிடுகிறார். அவர்கள் சொன்னது தவறில்லை, அவசரப்பட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் என்கிறார். வாரிசு என்பதற்கு இதைவிட நல்ல பத்திரம் கிடைக்காது. பிரெஞ்சுத் தத்துவவாதி அகஸ்ட் காம்டும் மனித அறிவின் வளர்ச்சியை மூன்று நிலைகளாகப் பிரித்தார். ஆனால் மூன்று என்ற எண்ணை மட்டும் வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது. லெஸ்ஸிங்கிடம் இருப்பதோ ஒப்புதல் வாக்குமூலம்.

கம்யூனிசத்துக்கு வந்தால் சான்று இன்னும் நெருக்கமாக இருக்கிறது. 1847 ஜூனில் லண்டனில் கம்யூனிஸ்ட் லீக் கூடியபோது ஏங்கெல்ஸ் ஒரு வரைவு எழுதினார். அதன் தலைப்பே 'கம்யூனிஸ்ட் விசுவாச அறிக்கை'. வடிவம் கிறித்தவ ஞானோபதேசப் பாடம்போல வினாவும் விடையும். முதல் கேள்வி: நீங்கள் கம்யூனிஸ்டா? பதில்: ஆம். சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்திய வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த நடை காதில் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று: 'உழைக்காதவன் உண்ணக்கூடாது' என்ற தொடர் 1918-ஆம் ஆண்டு சோவியத் ரஷ்ய அரசியலமைப்பிலும், 1936-ஆம் ஆண்டு சோவியத் ஒன்றிய அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. அது புனித பவுல் பெயரால் தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் கடிதத்தின் வாக்கியம்.

இவ்வளவும் இருந்தும் நான் ஏன் வாரிசு விளக்கத்திலிருந்து வெளியே வந்தேன்? அந்த வாக்கியமே முதல் காரணம். கடிதத்தில் அது ஒரு சின்ன விசுவாசக் கூட்டத்துக்குள் வேலை செய்யாமல் சுற்றிக்கொண்டிருந்த சகோதரர்களைக் கண்டிக்கிறது. சோவியத் சட்டத்தில் அது சொத்துடைமை வர்க்கத்தின் மேல் பாய்கிறது. சொல் ஒன்றுதான், வேலை வேறு. சொல் வந்த வழியை வைத்து அதன் இன்றைய பொருளைச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் அதைத் தன்னுடையது என்று வைத்திருந்திருக்க வேண்டும். மதச் சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் அறிவுக்குச் சரியென்று படும் மதத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கருத்தை ஒன்பதாம் பயஸ் போப் 1864-இல் பிழைகளின் பட்டியலில் சேர்த்தார். கத்தோலிக்கத் திருச்சபை மதச் சுதந்திரத்தை மனித மாண்பின் அடிப்படையில் ஏற்று அறிக்கை வெளியிட்டது 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். அதற்குள் பல நாடுகளின் சட்டங்களில் அது நிலைத்துவிட்டது. தன் பொருளைத் தானே நூறு வருடம் மறுத்த சொந்தக்காரரை என்னவென்று சொல்வது? ஸ்பெயினின் வல்லடோலிடில் 1550-51-இல் அமெரிக்கப் பழங்குடிகளுக்காக லாஸ் காசாஸ் என்ற துறவி வாதாடினார் என்பது உண்மை, அது பெரிய விஷயம். ஆனால் எதிரில் நின்று அவர்களை அடக்கி ஆளலாம் என்று வாதாடிய செபுல்வேதாவும் அதே திருச்சபையின் இறையியலாளர்தான். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். எந்தப் பிள்ளையை நாம் வாரிசாக எடுத்தோம் என்பதை அந்த வீடு முடிவு செய்யவில்லை.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். ஊற்றைக் கண்டதும் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று எழுந்து போவதுதான் தப்பு.

மூன்றாவது, வேலையை வைத்துப் பார்க்கும் விளக்கம். எது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையே இது விட்டுவிடுகிறது. மதம் செய்த வேலையை இப்போது எது செய்கிறதோ அதுவே மதம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-இல் இதற்கு முழு வடிவம் கொடுத்தார். அதற்கு முன்பே, 1898-இல், டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி மேல் போட்ட பொய்யான தேசத்துரோக வழக்கில் பிரான்ஸே இரண்டுபட்டு நின்றபோது, தனிமனிதனைப் புனிதமாகக் கருதுவதுதான் நவீன சமூகத்துக்கு மிஞ்சியிருக்கும் மதம் என்று எழுதினார். மாஸ்கோவில் 1924 முதல் லெனின் உடலைப் பாதுகாத்து வைத்து மக்கள் வரிசையில் நின்று பார்ப்பதை இந்தக் கண்ணாடியில் பார்த்தால் உடனே புரிகிறது. எனக்குத் தெரிந்தவரை, சொந்த இயக்கத்தை நோட்டமிட இது நல்ல கருவி. நம் கூட்டங்களில் எந்தக் கேள்வியைக் கேட்டால் முகங்கள் மாறுகின்றன, யாருடைய படத்தைக் கழற்றவே முடியாது என்று பார்க்கலாம். ஆனால் இரண்டாவது அளவுகோலில் இது தோற்கிறது. கொடி வணக்கமும் மதம், விளையாட்டு ரசிகர் கூட்டமும் மதம், கட்சியும் மதம் என்றால் பிரித்துச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. நண்பரிடம் போய் "உன் பக்தியும் மைதானத்துக் கூச்சலும் ஒரே வேலைதான் செய்கின்றன" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது அவருக்கும் நியாயமில்லை, உண்மைக்கும் நியாயமில்லை.

நான்காவதை நான் காலி நாற்காலி விளக்கம் என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். 1966-இல் ஜெர்மன் தத்துவவாதி ஹான்ஸ் ப்ளூமன்பெர்க் முன்வைத்தது. வாரிசு விளக்கத்தை அவர் ஒரு வழக்கறிஞர்போல மடக்கினார். சொத்து பறிபோனது என்கிறீர்களே, எது அந்தச் சொத்து, அடையாளம் காட்டுங்கள். முதலில் அது யாருக்குச் சொந்தம், நிரூபியுங்கள். அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டதா, சொல்லுங்கள். முன்னேற்றம் என்ற கருத்தில் இந்த மூன்றும் நிற்கவில்லை. இறுதித் தீர்ப்பு வெளியிலிருந்து வந்து வரலாற்றை உடைப்பது, முன்னேற்றமோ வரலாற்றுக்குள்ளிருந்தே வளர்வது. அது பிறந்ததும் வேறு அனுபவங்களிலிருந்து என்றார். அதில் ஒன்று வானியல். ஒரு கோளின் நடையைச் சரியாகக் கணிக்க ஒருவர் ஆயுள் போதாது. முந்தியவர் குறித்து வைத்ததன்மேல் அடுத்தவர் குறிக்கிறார், நேற்றையதைவிட இன்றைய கணக்கு துல்லியமாகிறது. இதைக் கண்ணால் கண்ட தலைமுறைக்கு அறிவு வளரும் என்று நம்ப எந்தத் தீர்க்கதரிசனமும் தேவைப்படவில்லை.

அப்படியானால் ஒற்றுமைகள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் அவர் சொன்னது என்னை மாற்றியது. கைமாறியது பதில்கள் அல்ல, கேள்விகள். உலக வரலாறு முழுவதற்கும் பொருள் என்ன என்ற கேள்வியைக் கிறித்தவம் எழுப்பியது, அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தது. பதில் செல்லாமல் போனபின்னும் கேள்வி அங்கேயே நின்றது. நாற்காலி காலியாக இருந்தது. அடக்கமாக, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த 'அறிவு வளரும்' என்ற கருத்தைப் பிடித்து இழுத்து அதில் உட்கார வைத்தார்கள். 'மனித குலம் முழுவதும் கட்டாயம் இந்த நிறைவை அடைந்தே தீரும்' என்று அது பேச ஆரம்பித்தது அதன் பிறகுதான். தன் சக்திக்கு மீறிய கேள்விக்குப் பதில் சொல்லப் போய்தான் அது மதம்போல ஆனது.

இந்தக் கண்ணோட்டத்தோடு மேலே சொன்னவற்றைத் திரும்பப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனி முகத்தோடு தெரிகிறது. காம்ட் அந்த நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தவர். 1849-இல் 28 நாள் கொண்ட 13 மாதங்களுடன் ஒரு நாட்காட்டி போட்டு, மாதங்களுக்கு மோசே, ஹோமர், அரிஸ்டாட்டில், ஷேக்ஸ்பியர் என்று புனிதர் பெயர்போல வைத்தார். 1852-இல் மனிதகுல மதத்துக்கு ஞானோபதேசமும் எழுதினார். கிறித்தவத்தைக் கழித்த கத்தோலிக்கம் என்று ஆங்கில உயிரியலாளர் டி. எச். ஹக்ஸ்லி அதை வர்ணித்தது சும்மா இல்லை. ஏங்கெல்ஸ் கதையோ வேறு. 1847 நவம்பரில் மார்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில், வரலாற்றைச் சொல்ல வேண்டியிருப்பதால் வினாவிடை வடிவம் ஒத்துவராது, அதை விட்டுவிட்டு 'கம்யூனிஸ்ட் அறிக்கை' என்று பெயர் வைக்கலாம் என்கிறார். தெரிந்தே ஒரு மத வடிவத்திலிருந்து எழுந்துவிட்டார். ஆனால் 1848 பிப்ரவரியில் வந்த அறிக்கையில் முதலாளி வர்க்கத்தின் வீழ்ச்சியும் பாட்டாளி வர்க்கத்தின் வெற்றியும் தவிர்க்க முடியாதவை என்ற வரி இருக்கிறது. வடிவத்தை விட்ட அதே கையால் பெரிய கேள்வியின் நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கூலி, வேலைநேரம், சுரண்டல் பற்றிய பகுப்பாய்வு ஒருபுறம், தவிர்க்க முடியாத முடிவு என்ற வாக்குறுதி ஒருபுறம். இரண்டையும் பிரித்து எடைபோட எனக்கு இந்த விளக்கம்தான் உதவியது. வாரிசு விளக்கம் மொத்தத்தையும் மாறுவேடமிட்ட மதம் என்று தள்ளிவிடும்.

இதற்கும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இரக்கம், மனித சமத்துவம் போன்றவற்றில் காலி நாற்காலி விளக்கம் அவ்வளவு வலுவாக நிற்பதில்லை. வானியலிலிருந்து முன்னேற்றம் வரலாம், வலியவன் எளியவனைவிட உயர்ந்தவன் இல்லை என்பது எந்தக் கணக்கிலிருந்து வரும்? இந்த இடத்தில் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே மிகக் கடுமையாக இருந்தார். கிறித்தவக் கடவுளை விட்டவர்களுக்கு கிறித்தவ ஒழுக்கத்தின் மேல் உரிமை இல்லை என்று 1889-இல் வெளியான நூலில் எழுதினார். அவர் முடிவை நான் ஏற்கவில்லை. பண்டைய கிரேக்க, ரோமானிய ஸ்டோயிக் சிந்தனையாளர்களும் எல்லா மனிதரையும் ஒரே நகரத்தின் குடிகளாகப் பார்த்தார்கள். மனிதர் சமம் என்ற எண்ணத்தைக் கண்டுபிடித்த மரபு ஒன்றே ஒன்றுதான் என்று யாராலும் காட்ட முடியாது. இருந்தாலும் நீட்சேயின் கேள்வி நியாயமான கேள்வி.

சரி, எதை எடுப்பது? நிற்கும் தரையாக நான்காவதை எடுங்கள் என்பேன். லெஸ்ஸிங் போல எழுத்திலேயே சான்று இருக்கும் இடங்களில் வாரிசு விளக்கத்தைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். "இது உங்களிடமிருந்து வந்தது" என்று நண்பரிடம் சொல்வதில் குறைந்துபோக ஒன்றுமில்லை, நான் இப்போது சொல்கிறேன். மத மரபுக்குள்ளேயே நின்று அதைச் சீர்திருத்த விரும்புகிறவருக்கு வாரிசு விளக்கம்தான் அதிகம் பயன்படும். 1965 அறிக்கையை எழுதியவர்களுக்கு அது பயன்பட்டது. ஒரு கட்சியிலோ இயக்கத்திலோ முழுமூச்சாக இருப்பவர் மூன்றாவதை வருடத்துக்கு ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றில் எதைப் பிடித்தாலும், உங்கள் கொள்கை எந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதற்கு அந்தச் சக்தி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் நமக்கு உரிமை இருக்கிறது.

1948-இல் ஐக்கிய நாடுகள் சபையில் அதைத்தான் செய்தார்கள். மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் ஷரத்தில், மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று சேர்க்கும்படி பிரேசில் கேட்டது. 'இயற்கையால்' என்ற சொல் ஏற்கெனவே வரைவில் இருந்தது. சீனாவின் பிரதிநிதி பி. சி. சாங், மனித குலத்தின் பெரும்பகுதியான தன் மக்களுக்கு வேறு மரபுகள் உண்டு, அவற்றை எல்லோர்மேலும் திணிக்கும்படி தான் கேட்கவில்லை என்றார். 'இயற்கையால்' என்பதையும் எடுத்துவிடச் சொன்னார். பிரேசில் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றது, 'இயற்கையால்' நீங்கியது. அதற்கு முந்தைய கட்டத்தில், பிறர் நிலையில் நின்று உணர்வது என்ற கன்ஃபூசிய மரபின் 'ரென்' என்ற கருத்தை அவர் சேர்க்கச் சொன்னதால்தான் பகுத்தறிவுக்குப் பக்கத்தில் மனச்சாட்சி வந்தது. 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படக்கூடிய சொல்லை 'எல்லா மனிதரும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்த்து ஒருவரும் இல்லை.

அந்த ஷரத்தின் இரண்டாவது வாக்கியம், மனிதருக்குப் பகுத்தறிவும் மனச்சாட்சியும் அருளப்பட்டிருக்கின்றன என்கிறது. ஆங்கில மூலத்தில் 1776-இலும் 1948-இலும் வருவது ஒரே வினைச்சொல். முன்னதில் அருளியவர் யார் என்று எழுதியிருக்கிறது. பின்னதில் அந்த இடம் காலியாக இருக்கிறது, சாங்கும் பிரேசில்காரரும் பேசித்தான் அப்படி விட்டார்கள். நண்பரும் நானும் ஒருநாள் அந்த வரியைச் சேர்ந்து படித்தோம். அவர் அங்கே ஒரு பெயரை மனத்துக்குள் போட்டுக்கொண்டு படித்தார், நான் போடாமல் படித்தேன்.